இந்தக் கிறிஸ்துமஸுக்கு அம்மாவும் கொஞ்சம் தூங்கட்டும்



குமரி மாவட்டக் கடலோரப் பங்கு ஒன்றின் அன்பியங்களைச் சேர்ந்த பெண்களும், எங்களோடு ஒத்துப்போன சில ஆண்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். டிசம்பர் பிறந்துவிட்டது. வீட்டு முகப்புகளில் ஸ்டார் தொங்குகிறது. குடில் கமிட்டி பணம் பிரித்தாயிற்று, கேரல் பவனிக்குத் தெருவாரியாக நாள் குறித்தாயிற்று. வீட்டுக்குள் நடக்கப்போகிற வேலைக்கு மட்டும் யாரும் கூட்டம் போடவில்லை. அதை யார் செய்வார்கள் என்பதுதான் எல்லாருக்கும் தெரியுமே!

ஆண்கள் சும்மா இருக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. காகித மலைக்குச் சாயம் பூசி, வைக்கோல் பரப்பி, சீரியல் லைட்டில் எந்த பல்பு போயிற்று என்று நள்ளிரவு தாண்டியும் தேடுகிறவர்களை நாங்கள் அறிவோம். ஆனால் அது ஊரே வந்து பார்த்துப் பாராட்டுகிற வேலை; 24-ஆம் தேதி மாலையோடு முடிந்தும் போகும். அடுக்களைக் கதை வேறு. முந்திரிக்கொத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுபயறை வறுக்க வேண்டும், மில்லுக்குக் கொண்டுபோய்த் திரிக்க வேண்டும், தேங்காயும் எள்ளும் வறுத்துச் சேர்க்க வேண்டும், கருப்பட்டியோ வெல்லமோ பாகு காய்ச்ச வேண்டும். பாகு ஆறினால் உருண்டை பிடிக்க வராது. அதனால் சூட்டோடு சூடாக உள்ளங்கை சிவக்கச் சிவக்க உருட்டியாக வேண்டும். பிறகு மாவில் முக்கிப் பொரிப்பது. இது ஒரு பலகாரம். அச்சு முறுக்குக்கு அடுப்படியில் நின்ற நிலை. இதற்கிடையே ஒட்டடை அடிப்பு, திரைச்சீலை துவைப்பு, தையற்கடைக்கு நடை. நள்ளிரவுத் திருப்பலியில் பிரசங்க நேரத்தில் கண் சொக்குகிற பெண்களைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். வீடு திரும்பி, கேக் வெட்டிப் படுத்து, விடிவதற்குள் ஆப்பச் சட்டியை அடுப்பில் வைப்பவர்களும் அவர்கள்தான். இவர்களில் முந்திரி ஆலைக்குப் போகிறவர்கள் உண்டு, மீன் விற்கிறவர்கள் உண்டு, ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கிற நர்ஸுகளும் உண்டு.

பண்டிகை இல்லாத நாளிலேயே கணக்கு கோணல்தான். ஒன்றிய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். அந்த 88-உம் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரிதான். கை வைத்தவர்களோ நூற்றுக்கு முப்பது பேர்கூட இல்லை.

“எனக்குச் சமைக்கத் தெரியாது” என்ற பேச்சை நம் ஊரில் மட்டுமாவது விட்டுவிடலாம். தங்கல் தொழிலுக்கு ஆழ்கடல் போகிற போட்டில் வாரக்கணக்கில் சோறும் மீன்குழம்பும் வைப்பது யார்? அலையில் போட்டு ஆடும்போது உலைப்பானையைச் சாயாமல் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஆடாத அடுப்பு பெரிய காரியமா? வளைகுடாவில் ஒரே ரூமில் தங்கியிருக்கும் நம் பிள்ளைகள், இன்று யார் சமையல், யார் பாத்திரம், யார் கக்கூஸ் கழுவுவது என்று முறை வைத்துச் செய்கிறார்கள். லீவுக்கு ஊரில் வந்து இறங்கியதும் அந்த முறை எங்கே போகிறது? கடலிலும் பாலைவனத்திலும் உழைத்துக் களைத்து வருகிறவர்களுக்கு ஓய்வு வேண்டும், மறுக்கவில்லை. முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகத் தூங்குங்கள். அதன்பின் அடுக்களைப் பக்கம் வாருங்கள்.

இதில் ஆண்மைக்குக் குறைவு எதுவுமில்லை. இதைச் சொன்னவர் திருத்தந்தை பிரான்சிஸ். 2016-இல் வெளியான ‘அன்பின் மகிழ்வு’ மடலில், வீட்டு வேலையைக் கணவன் ஏற்பது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல என்று எழுதினார். 2019 டிசம்பரில், தமக்குக் கிடைத்த ஒரு குடில் படத்தைப் பற்றி மறைக்கல்வி உரையிலும் பேசினார். அதில் மாதா தூங்குகிறார். சூசையப்பர் குழந்தையை ஏந்தித் தூங்கவைக்கிறார். குடில் போட்டிக்கு இந்த ஆண்டு புதுமாதிரி தேடுகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

நாங்கள் கேட்பது இதுதான். இந்த வாரத்திலேயே கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். எழுதும்போதுதான் தெரியும், செய்வது பாதி, நினைவில் வைத்திருப்பது மீதி என்று. மாவு தீர்ந்ததா, யார் வீட்டுக்குப் பலகாரத் தட்டு போகவில்லை, தீபாவளிக்குப் பலகாரம் தந்த பக்கத்து வீட்டுக்கு என்ன கொடுப்பது, இதெல்லாம் ஒரே தலைக்குள் ஓடக்கூடாது. “என்ன செய்யணும், சொல்லு, செய்யுதேன்” என்று காத்திருப்பதும் வேலையைப் பங்கிட்டதாகாது. ஒரு பலகாரத்தைக் கணவர் எடுத்துக்கொண்டால் சாமான் வாங்குவதிலிருந்து எண்ணெய்ச் சட்டி கழுவுவது வரை அவர் பொறுப்பு. வடிவம் கோணலாக வந்தால் சகோதரிகள் பொறுத்துக்கொள்ளுங்கள். பிடுங்கிச் செய்தால் அடுத்த வருடமும் உங்கள் தலையில்தான்.

வீட்டுப் பெரியம்மாக்களுக்கும் மாமியார்களுக்கும் தனியாக ஒரு விண்ணப்பம். மகன் பாத்திரம் தேய்க்கும்போது “நீ எதுக்கு மக்கா இதெல்லாம் செய்யுத, அவ செய்யமாட்டாளா?” என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியில் அவர் கை கழுவி எழுந்துவிடுகிறார்.

அயர்லாந்தின் கார்க், கெரி பகுதிகளில் ஜனவரி 6-ஐப் பெண்களின் கிறிஸ்துமஸ் என்று கொண்டாடுகிறார்கள். அன்று வீட்டு வேலை ஆண்களுடையது. பெண்கள் தோழிகளோடு வெளியே போவார்கள். நல்ல வழக்கம்தான், ஆனால் எல்லா வேலையும் முடிந்த பிறகு வருகிற விடுமுறை. எங்களுக்கு 23-ஆம் தேதியே கை வேண்டும்.

குடில் கமிட்டிக்கு ஒன்று: ராத்திரி வேலை செய்கிறவர்களுக்குக் கட்டன்சாயா போட இந்த வருடம் எந்த வீட்டிலும் யாரையும் எழுப்ப வேண்டாம். ஒரு ஸ்டவ்வும் தேயிலையும் சீனியும் கமிட்டிச் செலவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். குடித்த கிளாஸுகளைக் கழுவ யாருக்கு எந்த நாள் முறை என்று பந்தலில் எழுதி ஒட்டிவிடுங்கள்.