டெம்மி என்றால் எத்தனை சென்டிமீட்டர்?

போன வாரம் நண்பர் ஒருவரின் புத்தக வேலையாக ஒரு டி.டி.பி. கடைக்குப் போயிருந்தேன். "ஏ5, டெம்மி ரெண்டும் ஒண்ணுதான் சார், எதுல வேணா போட்டுக்கலாம்" என்றார் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி. ஒன்றல்ல. ஏ5 என்பது 14.8 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம். நம் ஊரில் டெம்மி என்று வரும் புத்தகம் ஏறக்குறைய 14க்கு 21.5.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. கோபமெல்லாம் புத்தகத்தின் விவரப் பக்கத்தில் "அளவு: டெம்மி 1x8" என்று மட்டும் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கும் நம் பதிப்பாளர்கள் மேல்தான்.

1x8 என்றால் ஒரு முழுத்தாளில் எட்டு இலை, பதினாறு பக்கம், ஒரு ஃபாரம். சரி, எந்த முழுத்தாள்? வம்பே அங்கேதான். இங்கிலாந்தில் அச்சுத்தாள் டெம்மி 17½க்கு 22½ அங்குலம். அதே இங்கிலாந்தில் எழுதும் தாளில் டெம்மி என்றால் 15½க்கு 20. நம் கடைகளில் 18க்கு 23, அதன் இரட்டை 23க்கு 36. பெயர் ஒன்று, தாள் மூன்று.

இது வெறும் கணக்கு வழக்கு என்று நினைக்காதீர்கள். 1980களில் நான் லெட்டர்பிரஸ்ஸில் இருந்தபோது, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பி.எஃப். பணத்தில் கவிதைப் புத்தகம் போட வந்தார். உள்பக்கம் எங்களிடம், அட்டை சிவகாசியில். அட்டைக்கு ஆர்டர் எழுதியவன் நான்தான். "டெம்மி 1x8" என்று எழுதினேன், அளவு எழுதவில்லை. ஆயிரம் அட்டையும் உயரத்தில் கால் அங்குலம் குறைவாக, அழகாக வெட்டி வந்து சேர்ந்தது. மறுபடி அடிக்க அவரிடம் பணமில்லை. உள்பக்கத்தை அட்டைக்குத் தகுந்தபடி வெட்டினோம். பக்க எண்கள் எல்லாம் விளிம்பில் தொங்கின. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பிரதியைக் கையில் எடுத்து அந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"பழைய பெயர்களில் சரித்திரம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. ஃபுல்ஸ்கேப் என்பது தாளில் இருந்த கோமாளித் தொப்பி வாட்டர்மார்க்கால் வந்த பெயர். கிரவுன், மகுடச் சின்னத்தால் வந்தது. எனக்கும் அந்தப் பெயர்கள் மேல் ஆசைதான், வாழ்நாளெல்லாம் அவற்றோடுதான் பிழைத்தேன். ஆனால் தொப்பியும் போய்விட்டது, மகுடமும் போய்விட்டது. சின்னம் போன பிறகு பெயர் எதை அளக்கும்?

ஏ வரிசையைப் பாருங்கள். 1922-ல் ஜெர்மனியில் தரப்படுத்தியது. ஏ0 ஒரு சதுர மீட்டர். பாதியாக்கினால் ஏ1, மறுபடி பாதியாக்கினால் ஏ2. ஏ4 என்பது பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் 5 கிராம், 500 தாள் கொண்ட கட்டு இரண்டரைக் கிலோ. தராசே வேண்டாம். பெயரைச் சொன்னால் அளவும் எடையும் கூடவே வருகின்றன.

அதற்காக டெம்மியை விட்டு எல்லோரும் ஏ5-க்கு மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. டெம்மி கைக்கு அடக்கமான நல்ல அளவு. நான் கேட்பது ஒரே ஒரு வரி: "டெம்மி, 14 x 21.5 செ.மீ." அகலம் முதலில், உயரம் பின்னால். விவரப் பக்கத்திலும் போடுங்கள், அச்சக ஆர்டரிலும் எழுதுங்கள், கொட்டேஷனிலும் கேட்டு வாங்குங்கள்.

"தொழில் தெரிந்தவனுக்குப் பெயர் போதும்" என்று இன்னும் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கும் தொழில் தெரியும் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். பணத்தை இழந்தது அந்த வாத்தியார்.