குசினியில் ஒரு நாற்காலி

காலை நாலே காலுக்கு எங்கள் வீட்டுக் குசினியில் என்னைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். கெட்டிலைத் தட்டிவிட்டு, ஒரு கோப்பி கலக்கி நின்றபடியே குடித்துவிட்டு, ஐந்து மணிக்கெல்லாம் கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறிவிடுவேன். ஆறு மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்து, "எல்லாரும் பசியாறிட்டீங்களா?" என்று நாடு முழுக்கக் கேட்பேன். அந்த நேரத்தில் என் வீட்டில் யார் பசியாறினார்கள், எப்படிப் பசியாறினார்கள் என்பது எனக்குத் தெரியாது. பதினோரு வருடமாகத் தெரியாது.

இப்படிப்பட்டவன்தான் குசினிக்கு வரைபடம் போட உட்கார்ந்தான்.

எங்களுடையது இரண்டு மாடி இணைப்பு வீடு. கிள்ளான் பள்ளத்தாக்கில் பாதிப்பேர் இருக்கிற அதே வீடுதான். முன்னால் கார் நிறுத்த இடம், நீளமான ஹால், கடைசியில் சின்னக் குசினி, அதற்குப் பின்னால் இருபதடி அகலமும் பத்தடி ஆழமுமாகத் திறந்தவெளி, அப்புறம் பின் சந்து. வீட்டில் ஐந்து பேர். நான், தாதியாக ஷிஃப்ட் வேலை பார்க்கும் மனைவி, தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் மகள், ஆறு வயது மகன், அம்மா. காலையில் ஐந்தரை முதல் ஏழு வரை அந்தச் சின்ன இடத்தில் நான்கு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொள்கிறார்கள் என்பது மனைவியின் நெடுநாள் புகார். போனஸ் வந்தது. சரி, உடைத்துக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

வந்த கொன்ட்ராக்டர் எதைக் கேட்டாலும் "போலே, போலே" என்றார். பின்பக்கத் திறந்தவெளி முழுவதையும் கூரை போட்டு மூடிவிடலாமா? போலே. நடுவில் ஐலண்ட் மேடை? போலே. முன்னால் கண்ணாடிக் கதவு போட்ட 'டிரை கிச்சன்', பின்னால் 'வெட் கிச்சன்'? அதுவும் போலே. இரண்டு நாளில் கணினியில் வரைந்த படம் கைப்பேசிக்கு வந்தது. வெள்ளைக் கேபினெட், கறுப்புக் குவார்ட்ஸ் மேடை, மேலே மூன்று தொங்கும் விளக்கு. ஒரு சட்டி பானைகூட இல்லாத குசினி. 41,000 ரிங்கிட்.

நானும் மனைவியும் மயங்கிவிட்டோம். அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இந்த முன்னாடி இருக்கிறது என்னய்யா?"

"டிரை கிச்சன்மா. கோப்பி போட, ரொட்டி வாட்ட. வர்றவங்க பார்த்தா அழகா இருக்கும்."

"பின்னாடி?"

"வெட் கிச்சன். தாளிக்கிறது, மீன் கழுவுறது, கருவாடு பொரிக்கிறது எல்லாம் அங்க. வாடை உள்ள வராது."

"அப்ப முன்னாடி விருந்தாளிக்கு, பின்னாடி எனக்கு" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது. அம்மா காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லயன் வீட்டில் பிறந்தவர். விறகடுப்பு, அம்மி, அரிவாள்மணை எல்லாம் தரையோடு. உட்கார்ந்து அரிந்து, உட்கார்ந்து அரைத்து, உட்கார்ந்து ஊதிச் சமைத்தவர்கள் அந்தத் தலைமுறை. வீட்டு வசதித் திட்டங்கள் வந்து நாம் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது அடுப்பு மேலே ஏறியது. சமைப்பவர் எழுந்து நிற்க ஆரம்பித்தார். அதை முன்னேற்றம் என்றுதான் நினைத்தோம், பெரும்பாலும் முன்னேற்றம்தான். ஆனால் அறுபத்தெட்டு வயது முழங்காலிடம் யாரும் கேட்கவில்லை.

வேலை காரணமாகத் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இன்றைக்கு நாம் பார்க்கும் மேடை, கேபினெட் குசினிக்கு ஒரு தாய் உண்டு. 1926இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற வியன்னா பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த 'பிராங்பர்ட் குசினி'. அகலம் ஏறக்குறைய 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயில் உணவுப் பெட்டியின் சமையல் இடத்தை முன்மாதிரியாக வைத்து, ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்குப் போட்டு வரைந்தார். சுமார் பத்தாயிரம் வீடுகளில் அது கட்டப்பட்டது. பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்ட ஒரு விஷயம் எனக்குப் பெரிய ஆறுதல்: அதை வரைந்தபோது அவருக்குச் சமைத்த அனுபவமே இல்லையாம்!

ஆனால் ஒரு வேலை ஒழுங்காகச் செய்திருந்தார். சன்னல் ஓரத்தில் ஒரு வேலை மேசை, அதன் முன்னால் சுழலும் முக்காலி. உட்கார்ந்து காய் நறுக்க. நூறு வருடத்துக்கு முந்திய அந்தப் படத்தில் இருந்த நாற்காலி, எனக்கு வந்த 41,000 ரிங்கிட் படத்தில் இல்லை.

அடுத்தது 'வேலை முக்கோணம்'. அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்பெட்டி மூன்றையும் கோடு போட்டு இணைத்தால், மூன்று பக்கமும் சேர்ந்து 13 அடிக்குக் குறையாமல், 26 அடிக்கு மேல் போகாமல் இருக்கவேண்டும் என்பார்கள். 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் அந்த முக்கோணத்துக்குள் ஒரே ஒரு ஆள் நிற்பதாக வைத்துப் போட்டது. நம் வீட்டுக் குசினியில் ஒரே ஆள் நின்ற நாள் எது?

அதனால் கொன்ட்ராக்டரிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன். குளிர்பெட்டிக் கதவில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, இப்போதிருக்கும் குசினியைக் கட்டம் போட்டு வரைந்தேன். அம்மாவுக்கு நீலம், மனைவிக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை, பிள்ளைகளுக்கு மஞ்சள். யார் எங்கிருந்து எங்கே போகிறார்களோ ஒரு கோடு. மகள்தான் கணக்கப்பிள்ளை. இரண்டு நாள் காலை வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு நானும் ஹாலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

மூன்று நாளில் தாள் பேச ஆரம்பித்தது. இடிபாடு முழுவதும் ஒரே இடத்தில்தான். தண்ணீர் வடிகட்டி தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத் தண்ணீர் போத்தலை நிரப்ப இரண்டு பிள்ளைகளும் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் புகுந்து போகிறார்கள். அம்மா அப்போது கொதிக்கிற கஞ்சியை வடித்துக்கொண்டிருப்பார். வடிகட்டியையும் குளிர்பெட்டியையும் ஹால் பக்க வாசலுக்குக் கொண்டுவந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஐலண்ட் வைத்தால் பிரச்சினை இரட்டிப்பாகும். இரண்டு பேர் முதுகோடு முதுகு நின்று வேலை செய்ய நான்கடி நடைபாதை வேண்டும் என்பார்கள், எங்களுக்கு மிஞ்சியது இரண்டே முக்கால் அடி.

பச்சைக்கோடுகள் மிகக் குறைவு. கெட்டில், தொட்டி, வாசல். அவ்வளவுதான். மனைவி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். எல்லாரும் போன பிறகு ஒன்பதரைக்கு அம்மா பசியாறினார். தொட்டி ஓரத்தில் நின்றபடி, கையில் தட்டோடு. சாப்பாட்டு மேசை ஹாலில் இருக்கிறது, அடுப்பில் குழம்பு இருக்கிறது. போகவர முடியாது, குசினியில் உட்கார இடமும் கிடையாது. தினமும் இப்படித்தான் என்று மனைவி சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாலை மகள் வண்ணப் பென்சிலோடு தாள் முன்னால் நின்றாள். பின்கதவு இருக்கும் இடத்தில் ஒரு நீலப் பெருக்கல் குறி போட்டிருந்தாள். கோடு போடச் சொன்னால் இது என்ன என்று கேட்டேன்.

"அது பாட்டி விழுந்த இடம்" என்றாள்.

தீபாவளிக்கு முந்திய வாரமாம். கறிவேப்பிலை பறிக்கப் பின்னால் போனபோது, குசினித் தரைக்கும் வெளித்தரைக்கும் நடுவில் இருக்கிற ஐந்து அங்குலப் படியில், ஈரத்தில் வழுக்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று பேத்தியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அந்த வாரம் "இடுப்புப் பிடிச்சிருக்கு" என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. முறுக்கு பிழிந்ததால் என்று நினைத்திருந்தோம். என் மனைவி தாதி. அவருக்கே தெரியவில்லை.

"ஏம்மா சொல்லல?" என்றேன்.

"சொன்னா, நீங்க ரெண்டு பேரும் என்னை அடுப்படிப் பக்கமே போகவேணாம்னுடுவீங்க. அப்புறம் நான் என்ன செய்றது, டிவி பார்த்துக்கிட்டா இருக்கிறது?"

சொல்லியிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்போம். பதில் பேசாமல் இருந்தேன்.

அந்தப் படத்தை அன்றிரவே அழித்துவிட்டு மறுபடி வரைந்தோம். இந்த முறை நான்கு பேர் சேர்ந்து, சாப்பாட்டு மேசையில்.

பின்பக்கத் திறந்தவெளி முழுவதையும் மூடவில்லை. இருபதடியில் பன்னிரண்டடி குசினிக்கு, எட்டடி வானத்துக்கு. இதில் என் மனைவிக்கு வருத்தம்தான், ஓவனுக்கு ஆசையாக ஒதுக்கிய மூலை போய்விட்டது. ஆனால் இணைப்பு வீட்டில் பின்னால் அடைத்துவிட்டால் காற்றும் வெளிச்சமும் எங்கிருந்து வரும்? நம் நாட்டின் 1984ஆம் ஆண்டு சீரான கட்டடத் துணைச் சட்டங்களே, ஓர் அறையின் தரைப்பரப்பில் பத்து விழுக்காடாவது சன்னல் இருக்கவேண்டும், தரைப்பரப்பில் ஐந்து விழுக்காடாவது காற்றுக்குத் திறக்கவேண்டும் என்கின்றன. சட்டத்தை விடுங்கள். முன்பக்கம் தீப்பிடித்தால் ஓடுவதற்கு இருப்பது பின்கதவு ஒன்றுதான். அதற்கும் கிரில் போட்டு, பூட்டு போட்டு, சாவியை மேல்மாடி அலமாரியில் வைத்திருந்தோம். சாவி இப்போது கதவருகே, ஆறு வயது மகனுக்கும் எட்டும் உயரத்தில், ஆனால் கிரில் வழியாகக் கைவிட்டால் எட்டாத தூரத்தில் தொங்குகிறது. இதற்கு ஒரு ஆணிதான் செலவு. நீங்கள் குசினியை உடைக்கிறீர்களோ இல்லையோ, இதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

புதிய தரை முழுக்க ஒரே மட்டம். வெளியே இறங்கும் இடத்தில் படிக்குப் பதில் சரிவு. ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது சக்கர நாற்காலிக்கான கணக்கு, ஆக ஐந்து அங்குலத்துக்கு ஐந்தடி. பக்கத்தில் கைப்பிடி. வழுக்காத சொரசொரப்பு ஓடு. கழுவுவதற்குச் சிரமம் என்று கடைக்காரர் எச்சரித்தார், பரவாயில்லை. கழிவுநீர்க் குழியின் மூடி பழைய படத்தில் கேபினெட்டுக்கு அடியில் போயிருந்தது! அடைத்துக்கொண்டால் குவார்ட்ஸ் மேடையை உடைத்துத்தான் திறக்கவேண்டும். இப்போது அது வெளியே இருக்கிறது.

சன்னலுக்குக் கீழே அம்மாவின் இடம். மேடை உயரத்துக்குப் பொதுவான விதி, நிற்பவரின் முழங்கையிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே. மனைவி ஐந்தடி ஐந்து, அம்மா ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. ஒரே உயரம் இருவருக்கும் பொருந்தாது. அதனால் அடுப்புப் பக்கம் 33 அங்குலம் என்று சமாதானம் ஆனோம். சன்னல் ஓரத்தில் மூன்றடி நீளத்துக்கு மட்டும் மேடை 28 அங்குலத்துக்கு இறங்குகிறது. அடியில் கேபினெட் இல்லை, கால் நீட்ட வெற்றிடம். அங்கே ஒரு நாற்காலி. காய் நறுக்கவும், பசியாறவும்.

கேபினெட் அளவெடுக்கும் முன் வீட்டிலேயே பெரிய பாத்திரத்தை அளந்துவிடுங்கள். எங்கள் பொங்கல் பானையும் இட்லிச் சட்டியும் அந்த அழகான இழுப்பறைகளில் நுழையவே நுழையாது. பழைய கிரைண்டர் சாகும் தறுவாயில் இருந்ததால், அளவுநாடாவோடு பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக்குப் போய்ப் புதியதை வாங்கும் முன்பே அளந்துவந்தேன். கடைப்பையன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். கிரைண்டரைத் தூக்கிவைக்கும் வேலையே இருக்கக்கூடாது, அதற்கு நிரந்தர இடம் வேண்டும் என்பது அம்மாவின் ஒரே உத்தரவு. பலகை விஷயத்தில் மனைவியின் உத்தரவு: அழுத்திச் செய்த சிப்போர்ட் வேண்டாம், அலுமினியம். தண்ணீர் பட்டால் சிப்போர்ட் ஊதிப்போகும். 2021 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. கரையானுக்கும் அலுமினியத்தில் வேலை இல்லை.

பிளக்குகளையும் எண்ணுங்கள். நம் 13 ஆம்பியர் பிளக் ஒன்று தாங்குவது ஏறக்குறைய 3,000 வாட். கெட்டிலையும் ஏர் ஃபிரையரையும் ஒரே நீட்டிப்பு ஒயரில் மாட்டினால் அந்த எல்லையைத் தாண்டிவிடும் வாய்ப்பு அதிகம். ஆறு பிளக் கேட்டிருக்கிறோம், எல்லாம் மேடைக்கு மேலே, தொட்டிக்குத் தள்ளி.

கருவாட்டு வாடை? அடுப்புக்கு மேலே புகையை வெளியே தள்ளும் குழாயோடு ஹூட், பக்கத்தில் சன்னல். கண்ணாடித் தடுப்பு கிடையாது. ஒரே குசினிதான். கொஞ்சம் வாடை வரும், வரட்டும்.

மொத்தம் 34,500 ரிங்கிட். கொன்ட்ராக்டர் இதற்கும் "போலே" என்றார், முகத்தில் மட்டும் பழைய களை இல்லை. வரைபடம் இப்போது மாநகர் மன்ற அனுமதிக்குப் போயிருக்கிறது. சிலர் "கேட்காமலேயே கட்டிடுங்க, பின்னாடிதானே" என்றார்கள். பக்கத்து வீட்டுச் சுவரைத் தொட்டு நிற்கிற வீட்டில் அந்த வீரம் எனக்கு இல்லை.

அனுமதி வரும்வரை பழைய குசினிதான். அந்தப் படியின் விளிம்பில் மகள் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறாள். நேற்றுக் காலை ஸ்டூடியோவிலிருந்து அழைத்தபோது அம்மா மூச்சு வாங்கப் பேசினார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். கறிவேப்பிலை பறிக்கப் போயிருந்தாராம். "டேப்பைப் பார்த்துத்தான் இறங்கினேன், போய் வேலையைப் பாருய்யா" என்றார்.