நவாப் தோட்டமும் நம்ம ஊர் வரியும்

மெரினாவுக்குப் போகும்போது இடது பக்கம் கடலையே பார்க்காமல் கொஞ்சம் வலது பக்கமும் பாருங்கள் நண்பர்களே. சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, பின்னால் நம்ம சேப்பாக்கம் ஸ்டேடியம். இவை எல்லாம் ஒரே ஒருவரின் அரண்மனைத் தோட்டமாக இருந்த இடம். கூவத்திலிருந்து பைகிராப்ட்ஸ் சாலை (இப்போது பாரதி சாலை) வரை சுமார் 117 ஏக்கர். சொந்தக்காரர் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா. வாலாஜா ரோடு அவர் பெயர்தான்.

அரண்மனை கட்டியது 1768-ல். அதற்கு முந்தைய வருடம், 1767 செப்டம்பரில், நம்ம திருவண்ணாமலையில் ஒரு பெரிய சண்டை. ஒரு பக்கம் ஹைதர் அலியும் நிஜாமும், இன்னொரு பக்கம் கம்பெனியின் கர்னல் ஸ்மித். இந்த மாதிரி சண்டைகளுக்கெல்லாம் கம்பெனி பில் போட்டது நவாப் பெயரில். நவாபிடம் காசு ஏது? கம்பெனி அதிகாரிகளிடமே தனிப்பட்ட முறையில் வட்டிக்கு வாங்கினார். அப்படிக் கடன் கொடுத்தவர்களில் பெரிய கை பால் பென்ஃபீல்டு. அரண்மனையைக் கட்டிக் கொடுத்ததாகச் சொல்லப்படுவதும் இவரைத்தான்!

நான் பி.காம். படிப்பவன், அதனால் அடமானம் என்ன என்று பார்க்காமல் இருக்க முடியாது. அடமானம் நிலவரி. ஒவ்வொரு சீமையின் வரி வசூலையும் கடன்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தார் நவாப். அதாவது ஆற்காட்டுச் சீமையில் ஏர் ஓட்டியவர்கள் வட்டி கட்டியிருக்கிறார்கள், கடன் வாங்காமலே. எட்மண்ட் பர்க் 1785-ல் லண்டன் பாராளுமன்றத்தில் இதைக் கிழி கிழி என்று கிழித்தார். பின்னால் கணக்குப் பார்க்க ஒரு கமிஷன் போட்டார்கள். வந்த கோரிக்கை 3 கோடி பவுண்டுக்கு மேல். நியாயமானது என்று ஏற்றது சுமார் 27 லட்சம். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி பத்திரங்களை என்னவென்று சொல்வது... நீங்களே ஒரு பெயர் வையுங்கள்.

1801-ல் ஆட்சி போனது. 1855-ல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்தார். 1859-ல் அரண்மனை ஏலத்துக்கு வந்தது, வாங்கியது சென்னை அரசாங்கமே. அப்புறம் சிஸம் என்ற கட்டடக்கலைஞர் வந்தார். மாநிலக் கல்லூரி 1870, செனட் ஹவுஸ் 1879.

சீனாவிலும் இப்படி ஒன்று உண்டு. பீகிங் பல்கலைக்கழகம் இருப்பது பழைய அரச குடும்பத் தோட்டங்களில். அதில் ஒன்று ஹெஷென் என்பவரிடம் இருந்தது. சக்கரவர்த்தியின் செல்லப்பிள்ளை, ஊழலில் சேர்த்த சொத்து எக்கச்சக்கம். 1799-ல் அவர் கதை முடிந்தது. அவருடைய கல் படகு இன்னும் அங்கே ஏரிக்கரையில் நிற்கிறது. அதைக் காட்டி அங்கே அவர் ஊழல் கதையையும் சொல்கிறார்கள்.

நம்மிடம் கல் படகு இல்லை, அரண்மனையே இருக்கிறது! ஆனால் பார்த்துக்கொண்ட லட்சணம்? அரசு அலுவலகங்களை அடைத்து வைத்தோம். 2012 ஜனவரியில் கலச மஹால் எரிந்தது, அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரையும் கொடுத்தார். அதற்கப்புறம்தான் பழுதுபார்த்தார்கள். சரியாகவே செய்திருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை.

என் வருத்தம் வேறு. இந்தக் கட்டடங்களைப் பற்றி யார் எழுதினாலும் சிஸம், குவிமாடம், இந்தோ-சாரசனிக் என்று பாராட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்ற வரி காணோம். வணிகவியல் துறைக்குக் கூப்பிடு தூரத்தில் இந்தியாவின் மிகப் பெரிய கடன் மோசடிகளில் ஒன்றின் சாட்சி நிற்கிறது. பாடத்தில் ஹர்ஷத் மேத்தா உண்டு, பென்ஃபீல்டு இல்லை. செனட் ஹவுஸ் வாசலில் ஒரு பலகை வைக்கட்டும்: தோட்டம் நவாபுடையது, கடன் பென்ஃபீல்டுடையது, கட்டியது ஆற்காட்டுச் சீமை விவசாயி. தமிழில், பெரிய எழுத்தில். பெயிண்ட் செலவு வேண்டுமானால் எங்கள் வகுப்பில் வசூல் பண்ணித் தருகிறோம், வட்டி இல்லாமல் :-)