பொரித்த பஜ்ஜியும் சுட்ட பஜ்ஜியும்

ஜூன் மாதம் பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று நுழைந்துவிட்டால் குற்றாலத்தில் மட்டுமல்ல, தென்காசி வரைக்கும் சாரல்தான். பேரருவியிலோ ஐந்தருவியிலோ குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு நடுங்கிக்கொண்டு வருகிறவர்களின் கால்கள் தாமாகவே எண்ணெய்ச் சட்டியின் பக்கம் திரும்புகின்றன. ஏத்தன் பழத்தை நீளவாக்கில் சீவி, மாவில் தோய்த்துப் போட்ட பஜ்ஜி அந்த வேளையில் தேவாமிர்தமாக இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் இதையே பழம்பொரி என்பார்கள். மேல்நாட்டார் இதே முறையில் ஆப்பிளைப் பொரிக்கிறார்கள்.

அந்த ஆப்பிள் பஜ்ஜியை எண்ணெய்ச் சட்டியே இல்லாமல், ஓவனில் வைத்துச் சுட்டு எடுக்கும் செய்முறைகள் இப்போது கைப்பேசிக்குக் கைப்பேசி வலம் வருகின்றன. "அதே மொறுமொறுப்பு, எண்ணெய் மட்டும் இல்லை" என்று விளம்பரங்கள் வேறு. இது உண்மையா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுட்ட பஜ்ஜி வீட்டில் செய்யத் தக்க நல்ல பண்டம்தான். ஆனால் அது பொரித்த பஜ்ஜி அன்று. அதே பஜ்ஜி என்று நம்பிச் செய்பவர் முதல் கடியிலேயே ஏமாறுவார். ஏமாந்தவர் மறுநாள் பழைய சட்டிக்கே திரும்பிவிடுவார். எண்ணெயைக் குறைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம் இப்படித்தான் பாதியில் நின்றுபோகிறது.

நம் மொழியிலும் இதில் ஒரு குழப்பம் உண்டு. காக்கைக் கதையின் பாட்டி வடை 'சுட்டாள்' என்கிறோம். உண்மையில் அவள் பொரித்தாள். எனவே இக்கட்டுரையில் எண்ணெயில் மூழ்கி வேவதைப் பொரித்தல் என்றும், மூடிய இடத்தின் சூடான காற்றில் வேவதைச் சுடுதல் என்றும் கொள்வோம்.

பஜ்ஜி பொரியும் எண்ணெயின் வெப்பநிலை ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸ். ஓவனின் காற்று 200 டிகிரி. காற்றுதானே அதிகச் சூடு, அதில்தானே பஜ்ஜி விரைவாக வேக வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் சட்டியில் நான்கு நிமிடத்தில் முடியும் வேலைக்கு ஓவனில் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது. வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். அந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஒரு லிட்டர் சூடான எண்ணெய் ஒரு டிகிரி குளிரும்போது ஏறக்குறைய 1,700 ஜூல் வெப்பத்தைக் கொடுக்கிறது. 200 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் காற்றின் எடை முக்கால் கிராம்தான். அது ஒரு டிகிரி குளிர்ந்தால் கிடைப்பது ஒரு ஜூலைக்கூட எட்டாது. இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு! பேக்கரிக்காரர் ஓவனுக்குள் கையை விட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எடுத்துவிடுகிறார். ஒரு சொட்டு எண்ணெய் தெறித்தாலோ கொப்புளம். (இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.)

இனி, பஜ்ஜியைச் சட்டியில் போட்டதும் எழும் குமிழிகளைக் கவனியுங்கள். "எண்ணெய் கொதிக்கிறது" என்போம். கொதிப்பது எண்ணெயன்று. மாவிலும் பழத்திலும் உள்ள நீர்தான் ஆவியாகி வெளியேறுகிறது. ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,260 ஜூல் வேண்டும். ஒரு பஜ்ஜியிலிருந்து 10 கிராம் நீர் வெளியேற வேண்டுமென்றால் 22,600 ஜூல். எண்ணெய் இதைத் தாராளமாக வாரி வழங்குகிறது; மேற்புறம் சட்டென்று உலர்ந்து 100 டிகிரியைத் தாண்டி, 140 டிகிரியை நெருங்கும்போது பொன்னிறமும் மணமும் பிறக்கின்றன. பிரெஞ்சு நாட்டு மயார் 1912-இல் விவரித்த வேதிவினை இது. ஓவனிலோ வெப்பம் மெதுவாக வருவதால் மேற்புறம் நெடுநேரம் ஈரமாகவே இருக்கிறது. மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகிப் பானைத் தண்ணீரைக் குளிர்விக்கிறதல்லவா? அதேபோல் ஈர மாவும் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்கிறது. இருநூறு டிகிரிக் காற்றின் நடுவே உட்கார்ந்துகொண்டு, நூறு டிகிரியை எட்டாமல் அடம்பிடிக்கிறது! இளகிய பஜ்ஜி மாவு அதற்குள் வழிந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஏர் ஃபிரையர் என்ற கருவியில் விசிறி காற்றை வேகமாகச் செலுத்துவதால் இந்தக் குறை ஓரளவு தீர்கிறது. ஆனாலும் அது விசிறி வைத்த சிறிய ஓவன்தான். அதைப் பொரிக்கும் கருவி என்று பெயரிட்டு விற்பது எனக்கு உடன்பாடில்லை.

சரி, பொரித்த பஜ்ஜி எண்ணெயை எப்போது குடிக்கிறது? சட்டியில் கிடக்கும்போது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அங்கே நீராவி உள்ளிருந்து வெளியே பாய்ந்துகொண்டிருப்பதால் எண்ணெய் எளிதில் உள்ளே நுழைய முடியாது. கரண்டியில் எடுத்த பிறகுதான் ஆபத்து. பஜ்ஜி குளிரத் தொடங்கியதும் நுண்துளைகளில் உள்ள நீராவி நீராகச் சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை, மைப்பேனாவின் நிரப்பி மையை இழுப்பதுபோல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. உறிஞ்சப்படும் எண்ணெயில் பெரும்பகுதி இந்தச் சில நொடிகளில் உள்ளே போவதுதான். ஆகவே எடுத்தவுடன், சூடு ஆறுமுன், நன்றாக உதறி வடியவிட வேண்டும். ஒரு கிராம் எண்ணெய் 9 கிலோகலோரி தருகிறது. வடித்தலில் காட்டும் கவனத்திற்கு நல்ல பலன் உண்டு. இதைச் செய்ய எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.

எண்ணெயின் அளவைப் போலவே அதன் வயதையும் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெய் கறுக்கிறது, கெட்டியாகிறது, நுரைக்கிறது, குறைந்த சூட்டிலேயே புகைகிறது. அதில் சேரும் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நம் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. சீசன் கடைகள் எல்லாமே விதியை மீறுகின்றன என்று நான் சொல்லவில்லை. சட்டியின் நுரையை ஒரு கணம் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வீட்டில் சுட விரும்புகிறவர்களுக்கு முதல் யோசனை: ஆப்பிளை விடுங்கள். இமயமலைச் சாரலிலிருந்து லாரியில் வந்து சேரும் அந்தப் பழத்தில் 85 விழுக்காடு நீர். நம் பக்கத்து ஏத்தன் பழத்தில் சுமார் 65 விழுக்காடுதான். சூடு மெதுவாக வரும் இடத்தில் நீர் குறைந்த பழமே வெல்லும். தோலில் கரும்புள்ளி விழுந்து, ஆனால் குழையாத பழமாகப் பாருங்கள். மாவைப் பஜ்ஜிக்குக் கரைப்பதுபோல் கரைக்காமல், வழியாத பதத்தில் கெட்டியாகப் பிசைந்து, சிறிது அரிசி மாவும் சேர்த்துப் பழத்தின் மேல் அப்ப வேண்டும். மேலே ஒரு தேக்கரண்டி எண்ணெயைத் தடவுங்கள். எண்ணெய் இல்லாத பஜ்ஜி என்றீர்களே என்று கேட்காதீர்கள். அப்படிச் சொன்னது விளம்பரம். நான்கைந்து துண்டுகளுக்கு இந்த ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 40 கிலோகலோரி, போதும். எண்ணெய் நீரைப்போல் ஆவியாகித் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதில்லை. எனவே எண்ணெய் பட்ட இடம் முதலில் சிவக்கும். 200 டிகிரியில் இருபது, இருபத்தைந்து நிமிடம். நடுவில் ஒருமுறை திருப்பிவிட வேண்டும்.

ஓவன் இல்லாத வீடுகளே நம் ஊரில் அதிகம். அடி கனத்த பாத்திரத்தில் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து மூடிச் சுடுகிறவர்கள் உண்டு. சூட்டை அளக்க வழியில்லாததால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வேகாமல் நிற்கும். பிரஷர் குக்கரை நீரில்லாமல் அடுப்பில் ஏற்றினால் அதன் ரப்பர் வளையம் கெடும். இவற்றைவிட நம் பாட்டிமார் வைத்திருந்த குழிப்பணியாரக் கல்லே மேல் என்பது என் துணிபு. சூடேறிய இரும்பு மாவோடு நேரடியாகப் பொருந்தி, வெப்பக் கடத்தலால் விரைவில் வெப்பம் தருகிறது. குழிக்குச் சில சொட்டு எண்ணெய் போதும். பழத்தைச் சிறு துண்டுகளாக்கி மாவில் கலந்து ஊற்றினால் புறம் மொறுமொறுப்பாகவும் அகம் மெத்தென்றும் வரும். பெரியவர்கள் ஒருவர் அருகில் இருக்கட்டும். பையன்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

எந்த முறையானாலும் பொன்னிறத்தோடு நிறுத்துங்கள். 120 டிகிரிக்கு மேல் மாவுப் பண்டங்களில் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாவதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002-இல் கண்டறிந்தார்கள். சுட்டாலும் பொரித்தாலும் அது உண்டாகும்; நிறம் கறுக்கக் கறுக்கக் கூடும்.

பொரிக்கிற நாளில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பொரிக்கும் முன் சட்டியை எண்ணெயோடு எடை போடுங்கள். பத்து பஜ்ஜி போட்டு, உதிர்ந்த மாவை அரித்தெடுத்து, எண்ணெய் முழுதும் ஆறிய பிறகு மறுபடி எடை போடுங்கள். நீர் ஆவியாகப் போய்விட்டது; ஆகவே குறைந்த எடை ஏறக்குறைய பஜ்ஜிகள் கொண்டுபோன எண்ணெய். மறுநாள் அதே எண்ணிக்கையில் போட்டு, எடுத்த ஒவ்வொன்றையும் சட்டிக்கு மேலேயே சூட்டோடு நன்றாக உதறி வடியவிட்டுப் பாருங்கள். கடைத் தராசு போதும். பள்ளி ஆய்வுக்கூடத் தராசில் வைத்த எதையும் வாயில் போடாதீர்கள்.