தலையை விடுங்கள், முதுகைப் பாருங்கள்

கோல்ஃப் ஆடும் நம் வயதுக்காரர் அடித்த பந்து எழும்பாமல் தரையோடு உருண்டால் போதும், பக்கத்தில் நிற்பவர் "தலையைத் தூக்கிட்டீங்க சார்" என்று ஆரம்பித்துவிடுவார். காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் சிலரும் இதையேதான் சொல்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தலை தானாகவா எழும்பும்? முதுகு நிமிர்கிறது, தலையும் கூடவே போகிறது. இடுப்பு மூட்டில் மடங்கி நிற்காமல் முதுகை வில்லாக வளைத்து நின்றால், மட்டையை வீசும்போது உடம்பு நிமிரத்தான் செய்யும். இந்த லட்சணத்தில் மோவாயையும் மார்பில் ஒட்டவைத்தால் தோள் திரும்ப இடமேது? அந்த முறுக்கை எல்லாம் கீழ்முதுகு வாங்கிக்கொள்கிறது. எழுபது வயது முதுகு ஐயா அது!

ஸ்வீடனின் அன்னிகா சோரன்ஸ்டாம், மட்டை பந்தில் படும்போதே தலையை இலக்கின் பக்கம் திருப்பிவிடுவார். 10 மேஜர் பட்டம் வென்றவர். அதே பழக்கமுள்ள டேவிட் டூவல் 2001-ல் பிரிட்டிஷ் ஓப்பன் வென்றார். அவர்களிடம் யாராவது போய்ச் சொல்லட்டுமே, தலையைத் தூக்காதே என்று.

மட்டையை முதுகோடு நெடுக்காகப் பிடியுங்கள். பின்தலை, நடுமுதுகு, வால் எலும்பு மூன்றும் அதைத் தொட்டபடியே இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். பிறகு முழங்காலைச் சற்றே தளர்த்துங்கள். பந்தை அடிக்கும்வரை அந்தச் சாய்வு மாறக்கூடாது. தலை அதன் போக்கில் திரும்பட்டும்.