ட்ரோன் வேண்டாம், நாலு பால்சா தகடு வாங்கிக் கொடு

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் பண்ணினான். "சார், பையனுக்குப் பத்து வயசு. பிளேன்னா உயிரா இருக்கான். ட்ரோன் வாங்கித் தரலாம்னு பாக்கறேன், எது நல்லது?" எதுவும் வேண்டாம், நாலு பால்சா தகடு வாங்கிக் கொடு என்றேன். சிரித்தான். அவனை மாதிரி யோசிப்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள், சொந்தக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதனால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

ட்ரோன் கெட்ட பொருள் இல்லை. ஆனால் அது சாயாமல் நிற்பதற்கான வேலை முழுவதையும் உள்ளேயிருக்கும் சிப் செய்துவிடுகிறது. பையனுக்கு மிச்சம் குச்சியைத் தள்ளும் வேலைதான்.

பால்சா தென் அமெரிக்க மரம். பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருகிறது. 3 அங்குல அகலம், 3 அடி நீளம், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தகடு ஏறக்குறைய 15, 20 கிராம்தான் இருக்கும். பிளேடாலேயே அறுக்கலாம். (பிளேடு பிடிக்கும்போது மட்டும் பக்கத்தில் உட்காருங்கள். மற்ற நேரம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.) மரத்தின் ரேகை இறக்கையின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முதல் வீச்சிலேயே படக்கென்று முறியும். இதை நான் போர்டில் எழுதிப் போட்டால் பரீட்சை வரைக்கும் ஞாபகம் இருக்கும். இறக்கை முறிந்து கற்றவன் மறக்கமாட்டான்.

இறக்கை ஒன்றரை அடி, வால் இறக்கையின் பரப்பு அதில் கால் பங்கு என்று பையனே தாளில் வரையட்டும். இறக்கையின் இரண்டு நுனியும் கொஞ்சம் மேலே தூக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாய்ந்தது சாய்ந்ததுதான். எடை மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விழ வேண்டும். அதற்குத்தான் மூக்கில் களிமண். வீசினால் மூக்கைத் தூக்கி, நின்று, தொப்பென்று விழுகிறதா? களிமண்ணைக் கூட்டு. நேரே தரையில் குத்துகிறதா? குறை. வாலில் பெவிகாலைத் தாராளமாக அப்பிவிட்டால், அங்கே கூடிய 1 கிராமுக்கு மூக்கில் 2, 3 கிராம் வைக்க வேண்டிவரும். வால்தான் எடை மையத்திலிருந்து தூரத்தில் இருக்கிறதே! நெம்புகோல் பாடத்தை இதைவிட நன்றாக நான் நடத்தியதில்லை.

ரைட் சகோதரர்களுக்கு 1878இல் அப்பா ஒரு பறக்கும் பொம்மை கொண்டுவந்து கொடுத்தார். பிரான்ஸ்காரர் அல்போன்ஸ் பெனோ வடிவமைத்தது, ரப்பரை முறுக்கிவிட்டால் எழும்பும். விளையாடி விளையாடி அது உடைந்தது. அண்ணனுக்கு 11 வயது, தம்பிக்கு 7. அதே மாதிரி தாங்களே செய்யத் தொடங்கினார்கள். அந்த அப்பா உடனே இன்னொன்று வாங்கித் தந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இவ்வளவு பேசுகிற நானே தவறு செய்தவன். பல வருஷத்துக்கு முன்னால் பள்ளிக் கண்காட்சியில் நான் நடுவர். ஒருவன் பளபளவென்று பெயிண்ட் அடித்து, விளக்கு எரிகிற விமானம் கொண்டுவந்தான். அப்பா ஆள் வைத்துச் செய்தது என்பது பார்த்தாலே தெரிந்தது. அது பறக்காது. இன்னொருவன் தெர்மாகோலும் துடைப்பக்குச்சியும் வைத்துச் செய்திருந்தான். நம் ஊரில் அப்போது பால்சா ஏது? இறக்கையில் இரண்டு இடத்தில் பிரவுன் பேப்பர் ஒட்டு. வராந்தாவின் இந்த முனையிலிருந்து விட்டான், அந்த முனையில் போய் இறங்கியது. முதல் பரிசை பெயிண்ட் அடித்ததற்குக் கொடுத்தேன். "சார், என்னுது பறக்குது சார்" என்றான். "ஃபினிஷிங் இல்லையேப்பா" என்றேன்.

டேய், நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்று தெரியும், எப்போதாவது லைக் போடுகிறாய். ஒருநாள் வீட்டுக்கு வா. மூக்கில் எவ்வளவு களிமண் வைத்தாய் என்று அன்றைக்கே உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.