உறங்கி எழுந்த இசைத்தட்டு

கலைப்பொருளுக்குப் பிறப்பு இரண்டு. ஆக்கியவர் கையால் அமைவது ஒன்று. காத்தவர் கையால் அமைவது மற்றொன்று. இத்திங்கள் அன்பர்களுக்கு நாம் கூறவிருப்பது, வங்காளப் பெண்மணி ஒருவரது முதல் இசைத்தட்டின் வரலாறு. பிறந்த ஊரைப் பிரிந்து வாழும் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி அதில் உண்டு.

கொல்கத்தாவைச் சேர்ந்த ரூபா பிஸ்வாஸ், கனடா நாட்டின் கால்கரி நகரில் வாழ்ந்த தம் சகோதரரைக் காணச் சென்றிருந்தார். அங்கு அவர் பாடக் கேட்டோர் மகிழ்ந்தனர். அதன் பயனாக ‘டிஸ்கோ ஜாஸ்’ என்னும் இசைத்தட்டு அந்நகரிலேயே பதிவாயிற்று. உஸ்தாத் அலி அக்பர் கானின் மைந்தர் ஆஷிஷ் கான் சரோத் வாசித்தார். மேனாட்டுக் கிட்டாரும் டிரம்ஸும் உடன் ஒலித்தன. தட்டில் இருந்தவை நான்கே பாடல்கள். அவற்றுள் ஒன்றின் பெயர் ‘ஆஜ் ஷனிபார்’, அதாவது ‘இன்று சனிக்கிழமை’. 1982-இல் மெகாஃபோன் கம்பெனி இதனை இந்தியாவில் வெளியிட்டது.

அதற்கு முந்தைய ஆண்டில் வெளிவந்த நாசியா ஹசனின் ‘டிஸ்கோ தீவானே’ பெரும் விற்பனை கண்டது. ரூபாவின் தட்டோ வாங்குவாரின்றி முடங்கிற்று. பாடியவர் குடும்ப வாழ்வில் அமைந்தார். தட்டைப் பற்றிய பேச்சும் அடங்கிற்று.

எனினும் எஞ்சிய சில படிகள், பழைய தட்டுகளைச் சேகரிப்போர் கைகளுக்குச் சென்று உயர்ந்த விலை பெற்றன. யூடியூப் வழியே பல்லாயிரவர் அப்பாடல்களைக் கேட்டனர். பாடியவருக்கு மட்டும் இச்செய்தி எட்டவில்லை. வீட்டில் கிடந்த தட்டை அவருடைய மகன் கண்டெடுத்து, இணையத்தில் தேடியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. 2019-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரிலுள்ள நூமெரோ குரூப் நிறுவனம் தட்டினை மறுபதிப்பாக வெளியிட்டது. முதல் வெளியீட்டிற்கும் இதற்கும் இடையே 37 ஆண்டுகள்!

அச்சிட்ட தட்டுக்குப் பல படிகள் இருந்தன. ஒன்று தொலைந்தால் மற்றொன்று கிடைத்தது. நம் இல்லங்களில் உள்ள ஒலிநாடாக்களின் நிலை என்ன? சந்தாபுராவிலும் பொம்மசந்திராவிலும் வாடகை வீடு மாறும்போதெல்லாம் பழைய கேசட்டுகள் நிறைந்த பெட்டியே முதலில் பழைய சாமான் வண்டிக்குப் போகிறது. அதில் உள்ளவை யாவும் சினிமாப் பாடல்கள் என்று எண்ணுதல் தவறு. பாட்டியின் தாலாட்டு, ஊர்த் திருவிழாவின் கூத்து, திருமணத்தன்று மூத்தோர் கூறிய வாழ்த்து ஆகியவையும் இருக்கக்கூடும். இவற்றுக்கு உலகில் ஒரே படிதான் உண்டு. அதுவும் அழிந்தால் எந்த நிறுவனமும் மறுபதிப்புச் செய்ய இயலாது.

ஆதலின் சில வேண்டுகோள். நாடாக்களை ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். பூசணம் படர்ந்த நாடாவை அவசரப்பட்டு ஓடவிடாதீர்கள். நல்ல நிலையில் உள்ளவற்றைக் கணினியில் பதிவு செய்து, ஒரு படியை இங்கும் மற்றொன்றை ஊரிலுள்ள உறவினரிடமும் வைத்திருங்கள். பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை உறையின்மேல் தெளிவாக எழுதுங்கள். பெயரில்லாத குரலைப் பேரப்பிள்ளைகள் அறிந்துகொள்வது அரிது.

வீட்டில் முதியோர் இருக்கும்போதே அவர்களை அருகில் அமர்த்தி, நாடாவை ஒலிக்கச் செய்து, குரல்களை அடையாளம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இப்பணி அடுத்த வீடு மாறும் நாள் வரை காத்திருக்க வேண்டியதன்று.